சட்டைப்பைக்குள் அடங்காத சூரியன்

ராஸ் அல் கைமாவின் திக்தாகாப் பகுதியை அண்டிய தோட்டமொன்றில் வேலை செய்யும் எம்மவர் ஒருவர், கோடை நாளொன்றிலிருந்து தொடர்ச்சியாக நான்கு நாட்கள் தொலைபேசியில் அகப்படவில்லை. வவுனியாவில் இருக்கும் தாயார் உணவு கொள்ளாமல் இருந்தார். ஐரோப்பாவில் அகதியாக வாழும் தமக்கையார் வளைகுடாவில் தமக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் அழைத்து விசாரித்தார். விபத்தா, கைதா, நோயா என்று மூன்று நாடுகளில் ஒரு குடும்பம் கலங்கி நின்றது. ஐந்தாம் நாள் அவரே அழைத்தார். விபத்துமில்லை, நோயுமில்லை. தோட்டத்துக் குடிசைக்கு மின்சாரம் தந்த இயந்திரம் பழுதாகிவிட்டது. தமக்கையார் ஆசையோடு வாங்கி அனுப்பிய சூரிய சார்ஜரை நம்பி அவர் இருந்தார். தகரக் கூரையின்மேல் வைக்கப்பட்ட அந்தக் கருவியோ, சூட்டில் வயிறு ஊதிப் பயனற்றுப் போயிற்று. நடந்தது அவ்வளவுதான்.

இச்சம்பவத்தில் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஆயினும் எம்போன்ற குடும்பங்களுக்கு ஒரு கைத்தொலைபேசியின் மௌனம் எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை. நாடு நாடாகச் சிதறுண்ட எமக்கு வீடு என்று எஞ்சியிருப்பது அந்தச் சிறு கருவிக்குள்தான் இருக்கிறது. எனவேதான், அதற்கு உயிரூட்டும் என்று சொல்லி விற்கப்படும் இச்சூரிய சார்ஜர்களைப் பற்றி வெளிப்படையாகச் சில வார்த்தைகள் எழுத வேண்டியுள்ளது.

2022 ஆம் ஆண்டு இலங்கையில் எரிபொருளுக்குப் பணமின்றி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. வெளிநாடுகளில் வாழும் எம்மவர் பலருக்கு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பொருட்களில் சூரிய விளக்கும் சூரிய சார்ஜரும் முதலிடம் பெற்றன. அதே பழக்கம் இன்று வளைகுடாவில் உழைக்கும் தம்பிமாருக்கும் மைத்துனர்மாருக்கும் அனுப்புவதாகத் தொடர்கிறது. "அங்கேதான் வருடம் முழுவதும் வெய்யில் எரிக்கிறதே, இதைவிடப் பொருத்தமான இடம் வேறெது?" என்று நாம் எண்ணுகிறோம். இந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் தவறானது. ராஸ் அல் கைமாவின் வெய்யில், இக்கருவிகளுக்கு நண்பனாக இருப்பதிலும் பார்க்கப் பகைவனாக இருப்பதே அதிகம்.

பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்

முதலில் கணக்கைப் பார்ப்போம். நடுப்பகல் வெய்யில் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறத்தாழ 1000 வாட் வலுவைக் கொட்டுகிறது. நல்ல சூரியத் தகடு ஒன்று அதில் ஐந்திலொரு பங்கை மின்சாரமாக மாற்றும். சட்டைப்பையில் அடங்கும் பவர் பாங்கின் முதுகில் ஒட்டியிருக்கும் தகடு 14 சென்ரிமீற்றர் நீளமும் 7 சென்ரிமீற்றர் அகலமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் விழும் வெய்யிலே 10 வாட்டுக்கு மேற்படாது. அதில் ஐந்திலொரு பங்கு 2 வாட். நடைமுறையில் இவ்வகைத் தகடுகள் ஒன்று அல்லது ஒன்றரை வாட் அளவே தருகின்றன. எந்த நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தாலும் இந்த எல்லையை எவராலும் தாண்ட முடியாது. ஏனெனில் இது தயாரிப்பின் குறைபாடன்று, பரப்பின் குறைபாடு.

அதே பெட்டியின் முகப்பில் 20,000 மில்லி அம்பியர்-மணி என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் உண்மையாகவே இருந்தாலும், 3.7 வோல்ற்றில் அது 74 வாட்மணி ஆகும். அதாவது ஒன்றரை வாட் தரும் தகடு அதை நிரப்புவதற்கு ஏறத்தாழ 49 மணித்தியாலம் முழு வெய்யில் வேண்டும். ஒரு நாளின் வெய்யிலையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் ராஸ் அல் கைமாவில் முழு வெய்யில் என்று சொல்லத்தக்கது சுமார் 6 மணித்தியாலமே. எனவே எந்த இழப்புமின்றிப் பார்த்தாலும் எட்டு நாட்கள். சூடு, தூசி, தகட்டின் சாய்வு, உள்ளே உள்ள சுற்றுகளின் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் இரண்டு வாரம். இன்றைய சாதாரண கைத்தொலைபேசி ஒன்றின் பற்றரி 19 வாட்மணி கொள்வது. அதற்கு மட்டும் மூன்று நாட்களின் வெய்யில் தேவை. நாள்தோறும் பேசி, படம் பார்த்து, செய்தி அனுப்பும் ஒருவருக்கு இது எவ்விதத்தில் போதும்?

ஆகவே இக்கருவிகளுள் பெரும்பாலானவை, சுவரில் உள்ள மின்னிணைப்பில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகும் பவர் பாங்குகளே. முதுகில் உள்ள தகடு வாங்குபவரின் மனத்துக்கு ஒரு ஆறுதல், வேறொன்றுமில்லை.

வெய்யில் வேண்டும், சூடு ஆகாது

அடுத்த குறை இன்னும் ஆழமானது. சூரியத் தகடுகளின் வலு 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அளக்கப்பட்டே பெட்டியில் எழுதப்படுகிறது. தகடு சூடேற ஏற, ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு குறைந்துகொண்டு போகும். கோடையில் காற்றே 45 பாகையைத் தொடும் ஊரில், கொங்கிறீற் கூரைமேல் கிடக்கும் தகடு 65 பாகையை எட்டுவது புதுமையன்று. அப்போது அதன் வலுவில் நூற்றுக்கு 16 பங்கு போய்விடும்.

தகடு இதையாவது தாங்கிக்கொள்ளும்; பற்றரி தாங்காது. கைத்தொலைபேசியிலும் பவர் பாங்கிலும் உள்ள லித்தியம் பற்றரிகளைப் பொதுவாக 45 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் சார்ஜ் செய்யலாகாது. நல்ல தொலைபேசிகள் சூடேறியதும் தாமாகவே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். மலிவான கருவிகளில் அத்தகைய காவல் இல்லை. அவை உப்பும், சில வேளைகளில் தீயும் பற்றும்.

இப்பொழுது இக்கருவியின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். தகடு வெய்யிலில் கிடந்தால்தான் வேலை செய்யும். பற்றரி நிழலில் இருந்தால்தான் பிழைக்கும். சட்டைப்பைச் சூரிய சார்ஜரோ இரண்டையும் ஒரே உடலாக ஒட்டி வைத்திருக்கிறது. குளிர்நாட்டு மலையில் நடக்கப் போகும் ஒருவருக்கு இது ஓரளவு பொருந்தலாம். ராஸ் அல் கைமாவின் கூரைக்கு இது ஒருபோதும் பொருந்தாது.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஆண்டுதோறும் யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெளியில் வேலை வாங்குவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. மனித உடலுக்கு ஆகாது என்று அரசே விலக்கிவைத்த அந்த நேரத்தின் தொடக்கம்தான், தகட்டுக்கு உச்சப் பயன் தரும் நேரம். மனிதன் நிழலுக்கு ஓடும்போது கருவியை வெய்யிலில் விட வேண்டும். அதுவும் யாரும் எடுத்துச் செல்லாத இடத்தில், ஒரு நிழல்கூட விழாத இடத்தில். தகட்டில் உள்ள சிறு கலங்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைக்கப்பட்டவை. கொடியில் காயும் சாரத்தின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே முழுத் தகடும் சோர்ந்துவிடும். காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் புறப்பட்டு மாலையில் திரும்பும் தொழிலாளி இதையெல்லாம் எப்போது கவனிப்பார்?

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஸ் அல் கைமாவின் வடக்கே சுண்ணாம்புக்கல் மலைகளை உடைக்கும் சுரங்கங்களும் சீமெந்து ஆலைகளும் உள்ளன, தெற்கே மணல்வெளி. கடலோர ஈரம் அதிகாலையில் பனியாக இறங்கி, தகட்டில் படிந்த தூசியைச் சேறாக்கி ஒட்டவைத்துவிடுகிறது. துடைக்காமல் சில வாரங்கள் விட்டால் பத்திலொரு பங்கு வலு இவ்வாறே மறைந்துவிடக்கூடும். 2019 இல் இயங்கத் தொடங்கிய அபுதாபியின் 1,177 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் ஏறத்தாழ 32 இலட்சம் தகடுகள் உள்ளன. அவற்றைத் தண்ணீரின்றித் துடைப்பதற்கென்றே இயந்திர மனிதர்களை வைத்திருக்கிறார்கள். எம் தொழிலாளியிடம் இருப்பதோ வியர்வை துடைத்த அதே துணிதான்.

அன்றைய டைனமோ தந்த பாடம்

இவற்றைச் சொல்லும்போது, "யாழ்ப்பாணத்தில் நாங்கள் எதுவுமே இல்லாமல் சமாளிக்கவில்லையா?" என்று ஒரு கேள்வி எழலாம். எழ வேண்டிய கேள்விதான். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றானது. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டோம். இதை வாசிக்கும் பெரியவர்களுள் அந்த மிதிகட்டையைச் சுற்றாத கைகள் குறைவு.

ஆனால் அந்தச் சாதனையின் இரகசியத்தை நாம் மறந்துவிட்டோம். சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் 3 வாட் தருவது. வானொலிப் பெட்டிக்குத் தேவைப்பட்டதோ ஒரு வாட்டுக்கும் குறைவு. கொடுப்பது தேவையிலும் அதிகமாக இருந்தது, ஆகவே வென்றோம். இன்றைய சட்டைப்பைத் தகடு அந்த டைனமோவின் பாதியளவே தருகிறது. இன்றைய தொலைபேசியோ அந்த வானொலியைப்போலப் பல மடங்கு உண்கிறது. அன்று ஒரு சிறு சக்தியைச் சிறு தேவைக்குப் பயன்படுத்தினோம். இன்று அதனிலும் சிறிய சக்தியைப் பெருந்தேவைக்கு நம்பிக்கொண்டிருக்கிறோம். எம் முயற்சி குறைந்ததன்று காரணம்; அளவு மாறிவிட்டது.

இந்தப் பாடத்திலிருந்தே வழியும் பிறக்கிறது. தேவையைச் சிறிதாக்கினால் சிறு தகடும் உதவும். பொத்தான் அழுத்தும் சாதாரண கைத்தொலைபேசியின் பற்றரி 4 முதல் 6 வாட்மணி அளவே கொள்ளும். ஒருமுறை நிரப்பினால் நாட்கணக்கில் நிற்கும். சட்டைப்பைத் தகடுகூட ஒரு நல்ல நாளின் வெய்யிலில் அதை ஏறத்தாழ நிரப்பிவிடும். அல் ரம்ஸ் கரையிலிருந்து படகில் போகிறவரும், ஒதுக்குப்புறத் தோட்டத்தில் இருப்பவரும் இத்தகைய தொலைபேசி ஒன்றை அவசரத்துக்கென வைத்திருப்பது, விலையுயர்ந்த சூரிய சார்ஜரிலும் பார்க்கப் பாதுகாப்பானது. வாங்கும்போது 4ஜி வசதி உடையதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அளவைப் பெரிதாக்குவது மற்றைய வழி. மடித்து விரிக்கும் 20 வாட் தகடுகள் கடைகளில் உண்டு. நல்ல வெய்யிலில் அவை 12 முதல் 15 வாட்வரை தருவதால், தகட்டை வெய்யிலிலும் பவர் பாங்கை நீண்ட வயரில் நிழலிலும் வைத்துப் பயன்பெறலாம். ஆனால் தொலைபேசியை நேரடியாகத் தகட்டில் இணைப்பது நல்லதன்று. முகிலொன்று கடந்தால் சார்ஜ் அறுந்து போகும். இதனினும் மேலானது பத்துப் பேர் சேர்ந்து ஒரு 100 வாட் தகடு வைப்பது. 6 மணித்தியால வெய்யிலில், இழப்புகள் போக, அது நாளொன்றுக்கு 350 வாட்மணிக்குக் குறையாமல் தரும். பத்துத் தொலைபேசிகளுக்கும் இரண்டு விளக்குகளுக்கும் போதுமானது. பற்றரியை அறைக்குள் குளிர்ந்த மூலையில் வைக்கலாம். தனித்தனியே பத்துப் பேருக்குப் பத்துச் சட்டைப்பைச் சார்ஜர்களை அனுப்பும் பணம், ஒன்றுசேர்ந்தால் இதற்கு உதவும். கூரையில் எதையும் பொருத்துமுன் முதலாளியின் அனுமதி பெறுவது மட்டும் மறக்கப்படலாகாது.

அகதிகளின் உலகமும் இந்த வழியில்தான் நடந்திருக்கிறது. யோர்தானின் அஸ்றாக் முகாமுக்கு 2014 இல் சென்ற சிரிய அகதிகள், முதல் ஆண்டுகளில் கையடக்கச் சூரிய விளக்குகளை வைத்துக்கொண்டே இரவைக் கழித்தார்கள். 2017 மே மாதத்தில் அங்கு 2 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின்னரே குடிசைகளில் மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் இயங்கின. அதே ஆண்டு நவம்பரில் சாதாரி முகாமில் திறக்கப்பட்ட 12.9 மெகாவாட் நிலையம், அங்கு மின்சாரம் கிடைக்கும் நேரத்தைப் பெருமளவு கூட்டியது. அதே வெய்யில், அதே மக்கள். கைவிளக்கால் முடியாததைப் பொதுவான மின்நிலையம் செய்தது. தனித்தனிக் கைகளில் திணிக்கப்பட்ட கருவிகள் தற்காலிகத் துணையே தவிர, தீர்வல்ல என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டாம்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

இங்கேதான் இக்கட்டுரையின் முக்கிய கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு தொழிலாளியின் தங்குமிடத்தில் தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வழியில்லை என்றால், அதற்கான பதில் உறவினர் அனுப்பும் சூரிய சார்ஜர் அன்று. ஒரு மின்னிணைப்பு. தொழிலாளர் கூட்டுத் தங்குமிடங்கள் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு ஐக்கிய அரபு இராச்சியத்தின் அமைச்சரவை 2009 இலேயே தர விதிகளை அங்கீகரித்திருக்கிறது. மனிதர் தூங்கும் அறைக்கு வெளிச்சமும் காற்றும் மின்சாரமும் தருவது தர்மமன்று, கடமை. நாம் அன்போடு அனுப்பும் கருவி சில வேளைகளில் அந்தக் கடமையை மறைக்கும் திரையாகிவிடுகிறது. "உனக்குத்தான் சூரிய சார்ஜர் இருக்கிறதே" என்று சொல்லித் தட்டிக்கழிக்க ஒரு மேற்பார்வையாளருக்கு அது வசதியாகிவிடும்.

ஐக்கிய அரபு இராச்சியம் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையொப்பமிடாத நாடு. அங்கு எம்மவர் அகதியாக அல்ல, தொழிலாளியாகவே இருக்கிறார். விசா முடிந்தால் தரிப்பதற்கு உரிமையில்லை. விசா காலாவதியானவர்கள் அபராதமின்றி வெளியேறவோ பதிவைச் சீர்செய்யவோ 2024 செப்ரெம்பர் 1 முதல் டிசெம்பர் 31 வரை அவகாசம் வழங்கப்பட்டது. அவ்வாறான நாட்களில் ஒரு குறுஞ்செய்தி உரிய நேரத்தில் கிட்டுவதும் கிட்டாததும் ஒருவரின் வாழ்வையே மாற்றிவிடும். அத்தகைய நிலையில் உள்ளவரின் தொலைபேசியை, முதுகில் ஒட்டிய ஒன்றரை வாட் தகட்டின் பொறுப்பில் விடுவது சரியா என்று எண்ணிப் பாருங்கள்.

குடும்பங்கள் இன்றே செய்யத்தக்க காரியங்கள் சில உண்டு. வாரத்தில் இந்த நாள், இந்த நேரம் என்று அழைப்புக்கு முறை வகுத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்து மௌனம் அச்சத்துக்குக் காரணமாகாது. அறைத்தோழர் ஒருவரின் இலக்கத்தையும் வேலைத்தல மேற்பார்வையாளரின் இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். அவரும் உங்கள் இலக்கங்களைத் தொலைபேசிக்குள் மட்டுமன்றிக் கடதாசியிலும் எழுதி வைத்திருக்கட்டும். பற்றரி இறந்தால் நினைவும் இறந்துவிடலாகாது. அனுப்பத்தான் வேண்டுமென்றால் தகடில்லாத தரமான பவர் பாங்கை அனுப்புங்கள். நகரத்துக்கு வரும் வெள்ளிக்கிழமையில் அதைச் சுவரில் நிரப்பிக்கொண்டு போனால், கைத்தொலைபேசிக்கு இரண்டு, மூன்று முறை போதும்.

விமானத்தில் போகிறவரிடம் கொடுத்தனுப்பும்போதும் கவனம் வேண்டும். பவர் பாங்கைச் சரக்கில் போடும் பொதியில் வைக்கக் கூடாது. கைப்பையிலேயே கொண்டுபோக வேண்டும். 100 வாட்மணிக்கு மேற்பட்டதாயின் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. எமிரேட்ஸ் விமான சேவையோ 2025 ஒக்ரோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பாங்க் மட்டுமே, அதுவும் 100 வாட்மணிக்கு உட்பட்டது என்று வரையறுத்து, பறக்கும் வேளையில் அதைப் பயன்படுத்துவதையும் தடுத்திருக்கிறது. "அண்ணைக்கும் ஒன்று, மச்சானுக்கும் ஒன்று" என்று ஒருவரின் கையில் நான்கைத் திணித்து அவரை விமான நிலையத்தில் சங்கடப்படுத்த வேண்டாம்.

சூரியன்மேல் எமக்குக் குறையொன்றுமில்லை. அது அஸ்றாக்கில் ஒரு முகாமுக்கே ஒளி கொடுத்திருக்கிறது. ஊரில் வீட்டுக் கூரைகளில் இன்று மின்சாரம் தருகிறது. அதைச் சட்டைப்பைக்குள் அடக்கிவிட்டோம் என்று சொல்லி விற்பவர்கள்மேல்தான் குறை. விற்பவர் விற்கட்டும், வாங்குபவர் கணக்குப் பார்த்து வாங்கட்டும். அடுத்த முறை தம்பிக்கு ஏதாவது அனுப்ப நினைக்கும்போது கடைக்குப் போகுமுன் அவரையே ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் அறையில், உன் கட்டிலின் அருகே, மின்னிணைப்பு இருக்கிறதா?" இல்லையென்று அவர் சொன்னால், அனுப்ப வேண்டியது எது, கேட்க வேண்டியது யாரிடம் என்பது அப்போதே தெளிவாகிவிடும்.